அறுந்தால் மட்டும் அடித்த போன்

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒயர் இழுக்கும் தம்பிகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, அந்தக் காலத்துல நம்ம ஊரு நெட்டுக்கு மிஷினு நம்ம ஊர்லயே இருந்துச்சாமே, நெசமா?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் காலம் என்று அவன் சொன்னது ராஜாக்கள் காலம் ஒன்றும் இல்லை. அவனுக்கு மீசை முளைத்த பிறகு நடந்ததுதான். "இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் கேபிள்காரர்கள் சங்கத்து மலருக்கு இதை எழுதித் தருகிறேன்.

மிஷின் இருந்தது ரத வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். இப்போது அங்கே நைட்டி மொத்த வியாபாரம். நாங்கள் மாட்டிய ஏசி மட்டும் அப்படியே இருக்கிறதாம். அதன் கீழே எங்கள் சர்வர்கள் நின்ற இடத்தில் பூப்போட்ட துணிகள் அடுக்கியிருக்கிறார்கள் என்று மனைவி வந்து சொன்னாள். அந்தப் பக்கம் போனால் நான் படியைப் பார்ப்பேன். ஏற மாட்டேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவன். எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு அடுத்தபடி படிப்புதான். அண்ணன்மார் இரண்டு பேரும் வாத்தியார்கள். எனக்குக் கல்லூரி என்றாலே வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். கேபிள் டிவி நடத்திய முதலாளியிடம் சேர்ந்து ஒயர் இழுத்தேன், கம்பம் ஏறினேன், பைபர் ஒட்டப் படித்தேன். கேபிள் கம்பெனி இன்டர்நெட் கம்பெனி ஆனபோது முதலாளி என்னை மாடியில் உட்கார வைத்தார். "இந்த ஞானம் வெளிய போனா வாயத் தெறக்க மாட்டான். உள்ளயே கெடக்கட்டும்" என்றார். உள்ளே இருந்தது போன்.

எங்கள் இணைப்பை வைத்திருந்த வீடுகள், தறிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியுலகத்தோடு பேசும். கடையநல்லூர் வரைக்கும் அப்படித்தான். அந்த வாசல் ஒரு விர்ச்சுவல் மெஷின். பெரிய சர்வர் ஒன்றுக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு இல்லாததால் அதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரிலிருந்து தூக்கி அடுத்த சர்வரில் வைக்கலாம். எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருந்தன. முதலில் வாங்கியதைப் பெரியவன் என்றும் பிறகு வாங்கியதைச் சின்னவன் என்றும் சொல்லுவோம். பெரியவனுக்கு விசிறி மாற்ற வேண்டுமென்றால் வாசலைச் சின்னவனுக்கு மாற்றிவிட்டுப் பெரியவனை அணைப்போம்.

சொல்ல எளிது. மாற்றும்போது ஊரே ஒரு நொடி அறுந்துபோகும். சில நொடிகள் என்றே சொல்ல வேண்டும். படம் பார்ப்பவனுக்குப் படம் நிற்கும், பேசிக்கொண்டிருப்பவனுக்குப் பேச்சு போய்விடும். உடனே என் மேசையில் போன் அடிக்கும்.

"ஏலே, நீங்க நெட்டு விடுதியளா, பம்புசெட்டுக்குக் கரண்டு விடுதியளா? வருது, போவுது, வருது, போவுது!" தறிக்கூடம் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் இதையேதான் கேட்பார்.

"இப்ப வந்துட்டு அண்ணாச்சி."

"வந்தது எனக்குத் தெரியும்லே. ஏன் போச்சுன்னு கேக்கேன்."

திட்டத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் எனக்கு அந்தப் போன்கள் பிடித்திருந்தன. நேரில் ஒருவர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனில் அப்படி இல்லை. ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யார் துபாயிலிருந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு நெட் அறுந்தபோதுதான் தெரியவரும்.

திட்டாமல் கூப்பிட்டவர் கடையநல்லூர் ஜுலைகா டீச்சர். அவர் வீடியோ வழியாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். விடியற்காலையில் மலேசியாப் பிள்ளைகள், பிறகு வளைகுடாப் பிள்ளைகள் என்று நாள் முழுக்க வகுப்பு இருக்கும். நாங்கள் எப்போது மாற்றினாலும் அவருடைய ஏதோ ஒரு பிள்ளை பாதி ஆயத்தில், அதாவது வசனத்தின் நடுவில், நிற்கும்.

"தம்பி, மாத்துனியளோ?"

"ஆமா டீச்சர். சரியாயிட்டு."

"புள்ளைய மறுபடி தலையிலேருந்து ஓத வைக்கணும். சரி, கெடக்கட்டும். ஒங்க வீட்ல முதுகுவலி எப்படி இருக்கு?"

என் மனைவியின் முதுகுவலி, மகளின் பரீட்சை எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

இனி செல்வராணி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மேலதிகாரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். உரத்துக்காக வயல்களில் ஆட்டுக்கிடை போடும் குடும்பத்திலிருந்து இன்ஜினியர் படித்து வந்தவர். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை மேடம் என்பேன். வேலை தொடங்கும் முன் கை வளையல்களைக் கழற்றி மானிட்டர் அருகில் வைப்பார். அந்தக் கண்ணாடிச் சத்தம் கேட்டால் நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போவேன். அவர் இடது உள்ளங்கையைச் சர்வரின் பக்கவாட்டில் வைத்துக்கொள்வார், ஆட்டின் விலாவில் கை வைப்பதுபோல. அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று வாய்விட்டுச் சொல்லுவார். அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

நடுவில் திடீரென்று கேட்பார்: "அண்ணாச்சி, இப்ப எங்க இருக்கோம்?"

வாசல் இந்த நிமிடம் எந்தச் சர்வரில், எந்த வழியில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். ஒரு தடவை கவனம் சிதறி, "தெரியல மேடம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்குச் செய்வோம்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எனக்குத் தெரியாமல் போனதே இல்லை.

இந்த மாற்றும் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன். அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு வெளியே போக இரண்டு வழிகள் கொடுத்திருந்தோம். ஒன்று நேர்வழி. சர்வரில் உள்ள நெட்வொர்க் கார்டின் ஒரு பகுதியை நேராக அதன் கையில் கொடுத்துவிடுவது. அகலமான, வேகமான வழி. ஆனால் கார்டு அந்தச் சர்வரோடு திருகி வைத்த இரும்பு. மெஷின் இடம் மாறினால் கார்டு கூடவே போகாது. அதற்காகத்தான் இரண்டாவதாக ஒரு மாற்றுவழி. அது மென்பொருளால் ஆனது, குறுகலானது, எங்கே போனாலும் கூட வரும். இரண்டு வழிக்கும் ஒரே முகவரி.

மாற்றும் நேரத்தில் முதலில் நேர்வழியை விலக்குவோம். மெஷின் மாற்றுவழிக்கு வந்துவிடும். அப்படியே அதைத் தூக்கிச் சின்னவனில் வைப்போம். சின்னவனின் கார்டிலிருந்து புது நேர்வழி கொடுப்போம். அதில் ஏறியதும் வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் முதல் படியிலேயே நிறைய நொடிகள் போயின. நேர்வழியை விலக்கிய பிறகும் பழைய கார்டு அந்த முகவரியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வரும் சரக்கெல்லாம் ஆளில்லாத கதவுக்கே போய் விழுந்தது. செல்வராணி மேடம் இதைப் படித்துப் படித்துக் கண்டுபிடித்தார். விலக்கும் அதே கணத்தில் பழைய கார்டிலிருந்து முகவரியை அழித்துவிட்டு, மாற்றுவழியிலிருந்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சுக்கு ஒரு அறிவிப்பு அனுப்ப ஸ்கிரிப்ட் எழுதினார். இழப்பு குறைந்தது. ஆனாலும் போன் அடிப்பது நிற்கவில்லை. மிச்சம் உள்ள நொடிகள் தூக்கி வைப்பதில்தான் போகின்றன, அதை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தோம். மெஷின் சின்னவனில் போய் உட்கார்ந்ததுமே நான் போனை எடுக்கத் திரும்பிவிடுவேன். மேடம் தனியாகப் புது நேர்வழியை மாட்டுவார். அதை நாங்கள் கடைசியில் பாத்திரம் கழுவி வைக்கும் வேலை போலத்தான் பார்த்தோம்.

ஒரு நாள் மாற்றி முடித்த பிறகு ஜுலைகா டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னிக்கு ரெண்டு தடவ நின்னுச்சு."

"ரெண்டு தடவையா டீச்சர்?"

"மொதல்ல ஒரே ஒரு எழுத்து விழுந்துச்சு. பெறகு புள்ள நல்லாத்தான் ஓதிக்கிட்டு வந்தான். பெறகு முழுசா ஒரு ஆயத்துப் போச்சு. எனக்குக் காதுதான வேலை?"

அதை மேடத்திடம் சொல்ல எனக்கு மதியம் வரை ஆனது. டீ வந்தபோது சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மொத தடவ சின்னது, ரெண்டாவது பெருசுன்னா சொன்னாக?"

"ஆமா மேடம். நடுவுல நல்லா இருந்துச்சாம்."

"அப்ப தூக்கி வைக்கதுல இல்ல. வச்ச பொறவு நாமதான் அறுக்கோம்." எழுந்து போய்ச் சின்னவன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அண்ணாச்சி, கிடை மாத்துறதப் பாத்திருக்கியளா?"

"இல்ல மேடம். நாங்க டவுன்காரங்க."

"புது வயல்ல சுத்திப் படல் கட்டி, வாசப் படலத் தெறந்து வச்ச பொறவுதான் எங்கய்யா சத்தம் குடுப்பாரு. ஆடெல்லாம் சத்தத்தப் பாத்து வந்துரும். ஒரு தடவ எங்க சித்தப்பா படலத் தெறக்கதுக்கு முன்னாடியே சத்தம் குடுத்துட்டாரு. அம்புட்டு ஆடும் மூடுன படல்ல வந்து முட்டிக்கிட்டு நிக்கி. எங்கய்யா வஞ்ச வசவு இன்னும் காதுல இருக்கு. இப்ப நாம செய்யது சித்தப்பா வேலை."

அது உண்மைதான். சின்னவனில் புது நேர்வழியைக் கொடுத்த உடனே அதன் கார்டு முகவரியை எடுத்துக்கொண்டது. போக்குவரத்து முழுவதும் அந்தக் கதவுக்குத் திரும்பியது. ஆனால் உள்ளே விர்ச்சுவல் மெஷின் அந்தக் கார்டை அடையாளம் கண்டு, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளை ஏற்றி, கதவைத் திறக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை வந்ததெல்லாம் மூடிய படலில் முட்டி விழுந்தது. மேடம் ஸ்கிரிப்டை மாற்றினார். புதுக் கார்டைக் கொடு, முகவரியைக் கொடுக்காதே. உள்ளிருந்து "தயார்" என்று குறி வரும்வரை மாற்றுவழியிலேயே ஓடட்டும். குறி வந்த பிறகு முகவரி, அதன் பிறகே அறிவிப்பு. ஒரு வெறும் மெஷினில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஊரே ஓடும் மெஷினில் செய்து பார்க்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை. காலையில் ஜுலைகா டீச்சர் போன் செய்தார். எதுவும் அறாமலே அவர் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"தம்பி, ஒரு ஒதவி. குவைத்துல ஆயிஷான்னு ஒரு புள்ள. இன்னிக்குக் குர்ஆன ஓதி முடிக்கா. கடைசிப் பகுதிய எல்லார் முன்னாடியும் ஓதணும். இங்கன சொந்தக்காரங்க எல்லாரும் எங்க வீட்ல வந்து உக்காந்திருவாக."

"சந்தோஷம் டீச்சர்."

"அவளுக்குத் திக்குவாய். பேச்சுல ஒரு வார்த்தை முழுசா வராது. ஆனா ஓட்டமா ஓதுனா ஒரு இடத்துலயும் திக்காது, அல்லா கொடுத்த வரம். பாதியில அறுந்தா மறுபடி ஆரம்பிக்க அவளால முடியாது. வாய் பூட்டிக்கிடும், அழுதுருவா. இத்தன பேருக்கு முன்னாடி... இன்னிக்கு மட்டும் மாத்தாதிய தம்பி."

"மாத்தல டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். எழுந்து நின்றால் வாய் பூட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை ஓதத் தொடங்க வேண்டிய நேரம் நெருங்கியபோது பெரியவனின் விசிறி ஒன்று கரகரவென்று கத்தி நின்றது. இன்னொன்றும் தள்ளாடியது. மேடம் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு. வாசல் அன்று பெரியவனில்தான் இருந்தது. சூடு தாங்காமல் அவன் தானாக அணைந்தால் ஊர் முழுக்க நீண்ட நேரம் இருட்டு. மாற்றியே ஆக வேண்டும். முதலாளியும் படியேறி வந்துவிட்டார்.

நான் மேடத்திடம் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப ஓதிக்கிட்டு இருப்பாளா?"

"ஆரம்பிச்சிருப்பா மேடம்."

வளையல்களைக் கழற்றி வைத்தார். கண்ணாடிச் சத்தம் கேட்டது. நான் நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

"பெரியவன்ல நேர்வழிய விலக்குதேன், முகவரிய அழிக்கேன்."

"நேர்வழிய விலக்குதிய, முகவரிய அழிக்கிய."

அழுத்தினார். திரையில் பதில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பிங் அது. ஒரு வரியும் விடுபடவில்லை.

"இப்ப எங்க இருக்கோம்?"

"பெரியவன்ல, மாத்துவழியில இருக்கோம் மேடம்."

தூக்கினோம். மெஷின் சின்னவனுக்குப் போனது. வரிகள் இறங்கின.

"சின்னவன்ல, மாத்துவழியில இருக்கோம்" என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

புதுக் கார்டைக் கொடுத்தார். முகவரியைக் கொடுக்கவில்லை. உள்ளிருந்து குறி வர வேண்டும். வெறும் மெஷினில் சட்டென்று வந்த குறி இப்போது வரவில்லை. சனிக்கிழமை முற்பகல், எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் படம் பார்க்கும் நேரம். ஊரின் மொத்தப் பாரமும் அந்தக் குறுகிய வழியில் ஏறிக்கொண்டிருந்தது. பதில் வரிகளில், பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் எண்கள் பெருகத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் போனால் சத்தம் கரகரக்கும், பிறகு அறும்.

முதலாளி பொறுமை இழந்தார். "என்னம்மா பாத்துக்கிட்டே நிக்கிய? அந்த முகவரியக் குடுத்துத் தொலைங்க. ஒரு நொடி போனாப் போவுது. ஊரு என்ன செத்தா போயிரும்?"

"படல் இன்னும் தெறக்கல முதலாளி."

"என்னது, படலா? ஏவே ஞானம், இந்தம்மா என்ன சொல்லுது?"

எப்போதும் தலையைக் குனிந்துகொள்ளும் நான் அன்று அவரைப் பார்த்தேன். "ஒரு புள்ள ஓதிக்கிட்டு இருக்கு முதலாளி. கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் மட்டும் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. எண்கள் இன்னும் ஏறின.

குறி வந்தது.

"முகவரி குடுக்கேன்."

"முகவரி குடுக்கிய."

ஏறிக்கொண்டிருந்த எண்கள் ஒரே வரியில் கீழே விழுந்தன. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் இருந்தன. மேலேயிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தோம். ஒன்றும் விடுபடவில்லை.

நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிக்கவில்லை. தறிக்கூட அண்ணாச்சியும் கூப்பிடவில்லை. முதலாளி எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் வாங்கி வரச் சொன்னார். மேடம் வளையல்களைப் போட்டுக்கொண்டே, "அண்ணாச்சி, மொத தடவ முதலாளிய அதட்டிட்டிய" என்று சிரித்தார். எனக்கு அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்றே இருந்தது. டீச்சர் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் நானாகக் கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது? அவர் கூப்பிடுவார், நான் பதில் சொல்லுவேன். அந்த வழிதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து நான் மாடிக்கு வந்தபோது கடையநல்லூர் பஸ் டிரைவர் ஒரு பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். பேரீச்சம்பழமும் லட்டும். "ஜுலைகா டீச்சர் குடுத்தாக. ஆயிஷா ஓதி முடிச்ச இனிப்பு. ஒரு இடத்துலயும் அறலைன்னு சொல்லச் சொன்னாக" என்றார். செல்வராணி மேடம் லட்டைப் பிட்டு ஒரு துண்டைப் பெரியவன் தலைமேல் வைத்தார். புது விசிறி வரும்வரை அது அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் மாற்றங்கள் எதிலும் ஊர் அறவில்லை. பட்டப்பகலில் மாற்றினோம், பண்டிகை நாளில் மாற்றினோம், யாருக்கும் தெரியவில்லை. மேசையில் போன் சும்மா கிடந்தது. கம்பத்தில் லாரி இடித்தால் மட்டும் யாராவது கூப்பிடுவார்கள். டீச்சருக்குக் கூப்பிடக் காரணம் இல்லாமல் போயிற்று. என் மனைவிக்கு முதுகுவலி குணமானது அவருக்கு இன்னும் தெரியாது. மகள் நர்சிங் சேர்ந்ததும் தெரியாது.

அறாமல் மாற்ற முடியும் என்றால் பக்கத்துச் சர்வருக்குத்தான் மாற்ற வேண்டும் என்று என்ன இருக்கிறது? முதலாளி ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்தார். அவர்களுடைய சர்வர்கள் சென்னையில். செல்வராணி மேடத்தை அங்கே அழைத்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே நூறு பேர் ஒரே ஹாலில் உட்காருவார்களாம். நான் போகவில்லை. கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சம்மதித்தேன். ஓய்வு என்று சொல்லிக்கொள்ள வயது போதாது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

கடைசி மாற்றம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. மேடம் சென்னையில், நான் மாடியில், நடுவில் என் கைபேசி. அந்தப் பக்கம் வளையல்களைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சின்னவன்ல நேர்வழிய விலக்குதேன் அண்ணாச்சி."

"விலக்குதிய மேடம்."

தூக்கினார். குறிக்காகக் காத்திருந்தார். முகவரி கொடுத்தார். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். திரையில் ஒரு வரியும் விடுபடவில்லை. பதில் வரும் நேரம் மட்டும், அதுவரை ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே இருந்தது பல மடங்காகி அங்கேயே நின்றுவிட்டது. தூரத்தின் அளவு அது.

"அண்ணாச்சி, இப்ப எங்க இருக்கோம்?"

திரையில் நின்ற எண்ணை இன்னொரு தடவை பார்த்தேன். "சென்னையில இருக்கோம் மேடம்."

அந்தப் பக்கம் வளையல்களைப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். வைத்துவிட்டார்.

சின்னவனை அணைத்தேன். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கீழே ரத வீதியில் பாத்திரக் கடைக்காரர் யாருடனோ வீடியோவில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவே இல்லை. கடையநல்லூரில் ஏதோ ஒரு பிள்ளை ஓதிக்கொண்டிருக்கும் நேரம். அவ்வளவு பெரிய வாசல் ஊரைவிட்டுப் போயிருக்கிறது, யாராவது ஒருவர், டீச்சராவது, கூப்பிட்டு "தம்பி, மாத்துனியளோ?" என்று கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஜன்னலைத் தாண்டி மேசை வரை வந்தது. போன் அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். லைன் இருந்தது.